என் மகனின் குரலை எந்த மொழியில் கேட்டீர்கள்?

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு ஆட்டிச மதிப்பீடு செய்யும் மருத்துவர்கள், உளவியலாளர்கள், பேச்சு சிகிச்சையாளர்கள் அனைவருக்கும்,

உங்களில் ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கை என் மகனின் பள்ளிக் கோப்பில் இருக்கிறது. அதில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. பிள்ளையின் பேச்சு ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே தொனியில் இருக்கிறது என்பது முதல் வரி. இரண்டாவது வரி இது: சீனம் தொனியை நம்பி நிற்கும் மொழி, எனவே அது இவனுக்குக் கூடுதல் சுமை. தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறுவதும் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுவதும் நல்லது. முதல் வரியை நான் முழுதாக மறுக்கவில்லை. அது பாதிதான் உண்மை என்கிறேன். இரண்டாவது வரி தவறு. முதல் வரியிலிருந்து அது பிறக்க வழியே இல்லை.

இதை விளக்கி அந்த மையத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். அறிக்கை உரிய தரநிலைகளின்படி தயாரிக்கப்பட்டது என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அதனால்தான் இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் தமிழர்கள் இருக்கிறீர்கள். ‘வீட்டு மொழியை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும்’ என்ற அறிவுரையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த தமிழ்ப் பெற்றோரும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் தமிழ்ப் பெண். என் கணவர் சீனர். மகன் தொடக்கநிலை 3-ல் படிக்கிறான். பள்ளிப் பதிவில் அவனுடைய தாய்மொழி சீனம். என்னோடு ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் பேசுவான். அப்பாவின் அம்மாவை ஆ மா என்று கூப்பிடுவான். அவரோடு பள்ளியில் கற்பிக்கும் சீனமான மாண்டரின், நடுநடுவே ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழி. பள்ளி விட்டு வந்ததும் அவனைப் பார்த்துக்கொள்பவர் ஆ மாதான்.

அவனுக்கு நான்கு வயதில் ஒரு மதிப்பீடு நடந்தது. செய்தவர் மாண்டரின் பேசுபவர், அன்பானவர். பிள்ளை சொற்களைச் சரியான தொனியில் சொல்கிறான், குரல் ஏறி இறங்குகிறது, ஆட்டிசக் குழந்தைகளிடம் எதிர்பார்க்கும் தட்டையான குரல் இவனிடம் இல்லை, எனவே பொறுத்துப் பார்க்கலாம் என்று எழுதினார். பொறுத்தோம். சிறு வயதிலேயே கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி அந்தக் காத்திருப்பில் போனது. எட்டு வயதில் மறுபடி மதிப்பீடு, இந்த முறை முழுக்க ஆங்கிலத்தில். குரல் தட்டை என்று முடிவு வந்தது. பிள்ளை அதே பிள்ளை. ஒருவர் அவன் மாண்டரினைக் கேட்டார், இன்னொருவர் ஆங்கிலத்தைக் கேட்டார். எந்த மொழியில் கேட்டோம் என்பதை இரண்டு அறிக்கையிலும் எழுதவில்லை. முதல் முடிவு அவனுடைய காலத்தை எடுத்துக்கொண்டது. இரண்டாவது அவனுடைய ஆ மாவை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது.

தமிழில் சொல்லின் பொருளைச் சுருதி மாற்றாது. ‘பால்’ என்பதை எந்த உயரத்தில் சொன்னாலும் பால்தான். மாண்டரினில் அப்படியில்லை. ‘தாங்’ என்ற ஒலியை உயரத்தில் நேராகப் பிடித்தால் சூப். கீழிருந்து ஏற்றினால் சர்க்கரை. ‘மாய்’ என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. மாண்டரினில் நான்கு தொனிகள், அவற்றோடு எடையில்லாத ஒன்று. கான்டனீஸ் என்ற சீன மொழியில் ஆறு. ஹொக்கியனில் இன்னொரு சொல்லுக்கு முன்னால் வரும்போது ஒரு சொல்லின் தொனியே வேறாகிவிடும். இவையெல்லாம் சொல்லுக்குள் இருக்கும் சுருதி; க, ச, த போல எழுத்துக்குச் சமமானவை.

வாக்கியத்துக்கும் ஒரு சுருதி இருக்கிறது. கேள்வி, வியப்பு, கோபம், எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது எல்லாம் அதில்தான் தெரியும். தொனியுள்ள மொழியில் இரண்டும் ஒரே குரலில் சேர்ந்து ஓடுகின்றன. தொனிகளை ஐந்து படிகளில் குறிக்கும் முறையை 1930-ல் வகுத்த சீன மொழியியலாளர் சாவ் யுவான்ரன், பெரிய அலையின் மேல் ஓடும் சிற்றலை போன்றது சொல்லின் தொனி என்றார். சிற்றலையும் அலையும் வேறு வேறு. ஆட்டிசத்தில் பெரும்பாலும் மாறுபடுவது அலை. நீங்கள் அளக்க வந்தது அதைத்தான்.

மாண்டரின் பேசும் ஒரு குழந்தைக்கு வாக்கியச் சுருதி முழுக்கத் தட்டையாக இருக்கிறது, ஆனால் சொற்களின் தொனி எல்லாம் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் குரலை வரைபடமாக்கினால் கோடு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மாண்டரின் தெரியாத காது அதை ராகம் என்று நினைக்கும். மாண்டரின் தெரிந்த காது சொல் சரியாக விழுந்ததில் திருப்தியடைந்து அடுத்த கேள்விக்குப் போய்விடும். நான்கு வயதில் நடந்தது இதுதான்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். ‘நேற்று ஆ மா சந்தையில் மீன் வாங்கினார்’ என்று ஒரு வாக்கியம். யார் வாங்கியது என்று கேட்டால், மாண்டரின் பேசுபவர் பதில் சொல்லும்போது ‘ஆ மா’ என்ற இடத்தில் குரலின் வீச்சு விரியும். அதன் பிறகு வரும் சொற்கள் தங்கள் தொனியை விடாமலேயே சுருங்கிப் படுக்கும். எங்கே வாங்கினார் என்று கேட்டால் விரியும் இடம் மாறும். என் மகனிடம் எதைக் கேட்டாலும் எல்லாச் சொல்லும் ஒரே எடையில் வரும். ஒவ்வொரு சொல்லும் சுத்தம். வாக்கியத்துக்குள் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அவன் அத்தை இதைக் கேட்டுவிட்டு, “செய்தி வாசிக்கிறான்” என்று கன்னத்தைக் கிள்ளுவாள். எந்தப் பயிற்சியும் பெறாத அத்தை காதில் பட்டது இரண்டு அறிக்கைகளிலும் இல்லை.

கேள்வி கேட்பதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் பல கேள்விகள் குரலை உயர்த்துவதால் மட்டுமே கேள்வியாகின்றன. குரலை உயர்த்தாத குழந்தை அங்கே உடனே மாட்டிக்கொள்ளும். மாண்டரினில் வாக்கியத்தின் கடைசியில் ‘மா’ சேர்த்தால் கேள்வி. கான்டனீஸில் ஐயம், வியப்பு, வற்புறுத்தல் என ஒவ்வொன்றுக்கும் ஈற்றுச் சொற்கள் உண்டு. தமிழுக்கும் இந்த வசதி இருக்கிறது. ‘சாப்பிட்டியா’ என்று என் அம்மாவிடம் அவன் எவ்வளவு தட்டையாகக் கேட்டாலும் அது கேள்விதான்; அந்த ‘ஆ’ வேலையைச் செய்துவிடுகிறது. ‘நீதான்’, ‘நீயே’ என்று அழுத்தத்தையும் ஒட்டுகளாலேயே காட்டிவிடலாம். என் அம்மா ஒரு நாளும் இவன் பேச்சு புரியவில்லை என்று சொன்னதில்லை. அவனுக்கு மிகவும் கைகொடுக்காத மொழி ஆங்கிலம். அதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி, கைகொடுக்கும் மொழிகளை விடச் சொல்லியிருக்கிறீர்கள்.

‘தட்டைக் குரல்’ என்ற அடையாளமே எங்கிருந்து வந்தது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆட்டிசம் பற்றிய முதல் விவரிப்புகளில் முக்கியமான இரண்டில் ஒன்றை லியோ கானர் 1943-ல் பால்டிமோரிலிருந்து ஆங்கிலத்தில் எழுதினார். மற்றதை ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் வியன்னாவிலிருந்து ஜெர்மனில் எழுதினார். இரண்டும் தொனியில்லாத மொழிகள். ஆஸ்பெர்கரே எல்லாக் குரலும் தட்டை என்று சொல்லவில்லை. சிலரின் குரல் மெல்லியதாய்த் தூரத்தில் ஒலிக்கிறது, சிலருடையது காதைக் கிழிக்கிறது, சிலருடையது பாட்டு இழுப்பதுபோல் போகிறது என்று எழுதினார். இன்று நீங்கள் பயன்படுத்தும் ஏடாஸ் என்ற ஆட்டிச மதிப்பீட்டுக் கருவியிலும் குரலின் ஏற்ற இறக்கம், உரப்பு, தாளம், வேகம் எல்லாம் சேர்த்தே கேட்கப்படுகின்றன. ‘ஒரே தொனி’ என்று அதைச் சுருக்கியது நடைமுறைப் பழக்கம்.

அளந்து பார்த்தவர்கள் சொல்வதும் வேறு. குரல் ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளிவந்த தொகுப்பாய்வில், ஆட்டிசம் உள்ளவர்களின் சராசரிச் சுருதி மற்றவர்களைவிட உயரமாகவும் அதன் வீச்சு அதிகமாகவும் இருந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, கான்டனீஸ் பேசும் பெரியவர்களில் ஆட்டிசம் உள்ள 19 பேரையும் இல்லாத 19 பேரையும் கதை சொல்ல வைத்து அளந்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் சுருதிதான் அதிகமாக மாறியது.  ஈற்றுச் சொற்கள் உள்ள மொழியில் ஒரு வேலையைக் குரலும் சொல்லும் பங்கிட்டுக்கொள்கின்றன. குரலை மட்டும் கேட்டு மதிப்பெண் போட்டால் அந்தப் பங்கீட்டில் பாதி உங்கள் காதுக்கு எட்டாது.

கேட்கும் திறனிலும் இதே பிளவு இருக்கிறது. மாண்டரின் பேசும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இசையின் மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிப்பதில் அவர்கள் மற்றவர்களை விஞ்சினார்கள், பேச்சில் அது கேள்வியா செய்தியா என்று பிரித்தறிவதில் பின்தங்கினார்கள் என்று காட்டியது. படித்தபோது என் மகனைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. எம்ஆர்டி ரயிலின் கதவு மூடும் ஒலியை அதே சுருதியில் திருப்பி முனகுவான். பக்கத்து வீட்டுப் பியானோவில் ஒரு கட்டை இறங்கிப்போயிருப்பதை அவன்தான் முதலில் சொன்னான். ஆனால் ஆசிரியரின் குரல் மாறி அவர் பொறுமையிழந்துவிட்டதை அவனால் பிடிக்க முடியாது. திட்டு விழுந்த பிறகுதான் தெரியும். அவனுக்கு உதவி தேவைப்படுவது அந்த இடத்தில். இரண்டு அறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எல்லாக் குழந்தையும் இவனைப்போல் இருக்கும் என்று நான் வாதிடவில்லை. மாண்டரின் பேசும் ஆட்டிசக் குழந்தைகளின் மூளை மின்னலைகளை அளந்த இன்னொரு 2015 ஆய்வில், வெறும் ஒலியின் சுருதி மாற்றத்துக்கு அவர்களுடைய மறுவினை கூடுதலாகவும், அதே மாற்றம் சொல்லின் தொனியாக வந்தபோது குறைவாகவும் இருந்தது. சொல்லின் தொனியிலேயே தடுமாறும் பிள்ளைகள் உண்டு. தாய்மொழிப் பாட விலக்கு உண்மையாகவே தேவைப்படும் குடும்பங்களும் உண்டு. அந்த வழி திறந்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையையும் அந்தந்த மொழியில் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். என் மகனின் அறிக்கையில் அவன் மாண்டரின் பேசிய ஒரு வாக்கியம்கூட இல்லை. கேட்காத மொழியைச் சுமை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆ மா ஹொக்கியனில் வளர்ந்தவர். 1979-ல் அரசின் மாண்டரின் பேசும் இயக்கம் வந்த பிறகு, பிள்ளைகள் பள்ளியில் பின்தங்கக் கூடாது என்று வீட்டில் ஹொக்கியனைக் குறைத்து, வானொலி கேட்டு, சந்தையில் பேசிப் பேசி மாண்டரினுக்கு மாறியவர். அரசு சொன்னது, மாறினார். அறிக்கை வந்ததும் உறவினர் ஒருவர் அவரிடம், இனி பேரனோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். ஆ மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் வா, சாப்பிடு, வேண்டாம் அளவுக்குத்தான். அவர் மீறவில்லை. பேரனுக்குக் கெடுதல் செய்துவிடுவோமோ என்று பயந்து பேச்சையே குறைத்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும். அவன் மாண்டரினில் கேட்பான். அவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவார். அவனால் முகத்தைப் படிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆ மா தன்மேல் கோபமாக இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டான், அதே தட்டையான குரலில். நானும் என் கணவரும் ஆ மாவிடம் உட்கார்ந்து பேசி, அந்த வரி தவறு என்று சொல்லிப் பார்த்தோம். படித்தவர்கள் எழுதியது எப்படித் தவறாகும் என்று கேட்டார். ஒரு காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிறவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்த மரியாதைக்கு ஈடான கவனத்தோடு நீங்கள் எழுத வேண்டும்.

இரண்டு மொழிகள் ஆட்டிசக் குழந்தையைக் குழப்பும் என்பதற்கு ஆதாரம் எங்கே? எதிர்த் திசையில் இருக்கிறது. 2012-ல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வு, சீனமும் ஆங்கிலமும் பேசும் பள்ளி வயது எட்டாத ஆட்டிசக் குழந்தைகள் 14 பேரை, ஆங்கிலம் மட்டும் பேசும் 14 பேரோடு ஒப்பிட்டது. ஆங்கிலச் சொல்வளத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. இரு மொழிகளையும் சேர்த்து எண்ணினால் இருமொழிக் குழந்தைகள் அதிகச் சொற்களைப் பேசினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதே ஆண்டு வெளியான வேறு ஆய்வுகளும், இருமொழி வீட்டில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் வந்ததாகக் காணவில்லை. இவ்வளவு ஆண்டுகள் கழித்தும், நான்கு ஆட்சிமொழிகள் உள்ள ஒரு நாட்டில், ஒரு மொழி மட்டும் போதும் என்று எந்த அடிப்படையில் எழுதுகிறீர்கள்?

தேர்வைப் பற்றியும் ஒன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் வாய்மொழித் தேர்வில் உரக்க வாசிக்க வேண்டும்; உணர்ச்சியோடு வாசிப்பதையும் எதிர்பார்ப்பார்கள். என் மகனுக்கு அங்கே மதிப்பெண் குறையலாம். குறைந்தால் குறையட்டும். அந்தச் சில மதிப்பெண்களுக்காக ஒரு மொழியையே எடுத்துவிட நான் சம்மதிக்க மாட்டேன். அவனுடைய குரல் ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் துல்லியமாக எழுதினால், பள்ளி அதற்குத் தக்க ஏற்பாட்டைக் கேட்டுப் பெற வழி பிறக்கும். ‘ஒரே தொனி’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் எதுவும் செய்ய முடியாது.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

குரலைப் பற்றி எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும், அந்தக் குரலை எந்த மொழியில் கேட்டீர்கள், எவ்வளவு நேரம், யாரோடு பேசும்போது என்பதை எழுதுங்கள். பிள்ளை வீட்டில் தொனியுள்ள மொழி பேசினால் சொல்லின் தொனியையும் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக எழுதுங்கள். அதற்கு அந்த மொழியில் தேர்ந்த சிகிச்சையாளர் உங்கள் மையத்தில் இல்லையென்றால் வேறு மையத்திலிருந்து அழையுங்கள். முடியாவிட்டால் வீட்டில் பாட்டியோடு பேசும் பதிவைக் கேளுங்கள், நாங்கள் தருகிறோம். தொனி சரியாக இருக்கிறது என்பதற்காக எந்தக் குழந்தையையும் ஆட்டிசம் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையைக் குரலை வைத்துக் கொடுக்காதீர்கள். வேறு காரணம் இருந்தால் அதை ஆதாரத்தோடு எழுதி, வீட்டில் யார் எந்த மொழி மட்டும் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தமிழ், மலாய், சீனம் எதுவானாலும் இது பொருந்தும்.

குரலில் உணர்ச்சி காட்டப் பழக்குவதைச் சிகிச்சையின் இலக்காக வைக்கும் முன், அது பிள்ளைக்கு வேண்டுமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். என் மகனுக்கு வேண்டியது, மற்றவர் குரலில் வரும் கோபத்தையும் கேலியையும் அடையாளம் காணும் வழி. அதற்குப் பயிற்சி கொடுங்கள், அவன் புழங்கும் மொழிகளிலெல்லாம்.

பயிற்சி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு: தொனியுள்ள மொழிகளில் ஆட்டிசக் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் மதிப்பீட்டாளர்களுக்குப் பதிவுகளோடு கற்பியுங்கள். மக்களில் பெரும்பான்மையினர் சீனர்களாக இருக்கும் நாட்டில் இது கூடுதல் பாடமாக இருக்கக் கூடாது.

கடைசியாக, என் மகனின் அறிக்கையில் கையெழுத்திட்டவருக்கு. அவனை மறுபடி அழையுங்கள். ஆ மாவையும் சேர்த்து அழைத்து, அவர்கள் இருவரும் மாண்டரினில் பேசுவதை உட்கார்ந்து கேளுங்கள். பிறகு அந்த இரண்டாவது வரியை நீக்கி, திருத்திய அறிக்கையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஜனவரியில் அவன் தொடக்கநிலை 4-க்குப் போகிறான்; அதற்குள் அது பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆ மா படிக்கும்படி சீனத்திலும் ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு தாய்